வீட்டை ஒதுக்கிய நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

"டீச்சர், எங்க வீட்டைப் பத்தி எழுதணுமா, இல்ல நல்ல வீட்டைப் பத்தி எழுதணுமா?"

பல வருஷத்துக்கு முன், ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். கரும்பலகையில் 'எங்கள் வீடு' என்று கட்டுரைத் தலைப்பை எழுதிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். முகம் நினைவிருக்கிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. இன்று காலை கைபேசியில் யாரோ ஒருத்தியின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து நின்றது.

மகள்தான் தொடங்கிவைத்தாள். "அம்மா, இதப் பாருங்களேன், சின்ன வீட்டையே எவ்வளவு அழகா வச்சிருக்காங்க" என்று ஒரு வீடியோ அனுப்பினாள். தப்பாக நினைத்து அனுப்பவில்லை, பாவம். ஆனால் ஒன்றைப் பார்த்துத் தொலைத்தால் போதும், இந்தக் கைபேசி அதே மாதிரி நூறைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கேட்காமலே வீட்டுப்பாடம் கொடுக்கும் வாத்தியார் மாதிரி. அதில் ஒருத்திக்கு நான் வெள்ளைச் சுவர்க்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, மேசையில் ஒரு குவளை, ஒரு புத்தகம். அவ்வளவுதான். அந்த வீட்டில் யாருக்கும் சளி பிடிக்காதா? மாத்திரை அட்டை எங்கே? துவைத்த துணி எங்கே காய்கிறது?

கேலி செய்துவிட்டுத் தலையைத் தூக்கினால் என் கூடம். சமையலறையில் இடமில்லாமல் இங்கே வந்து குடியேறிய ஃபிரிட்ஜ். சோபாவின் கிழிசலை மறைக்கப் போர்த்திய படுக்கை விரிப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். காகிதத்தை மடித்துச் செருகினால் மட்டும் மூடி நிற்கும் அலமாரிக் கதவு. என் வீட்டுக்காரர் பழுதுபார்க்கிறேன் என்று திறந்து, மூட மறந்த ரேடியோக்கள். எதைத் தூக்கிப் போடலாம் என்றாலும் இவருக்கு ஒரே வார்த்தை: "உதவும், இருக்கட்டும்." சுவரில் ஈரம் ஊறி ஒரு நாட்டின் படம் போலப் பரவியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அது எல்லையை விரித்துக்கொண்டே போகிறது.

முன்பெல்லாம் இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு மூலை. ஒரே ஒரு மூலையாவது.

ஜன்னலோரத்தில் இருந்த எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் தள்ளினேன். மாடி வீட்டுக்காரம்மாவிடம் அவருடைய வெள்ளை நாற்காலியை ஒரு மணி நேரத்துக்கு என்று கேட்டு வாங்கினேன். பக்கத்தில் ஒரு செடி, வெள்ளைத் தொட்டியில். நாற்காலி மேல் ஒரு புத்தகம், யாரோ இப்போதுதான் படித்துவிட்டு எழுந்துபோன மாதிரி. படம் எடுக்கும்போது இவர் கையில் இரண்டு ரேடியோவையும் தோளில் சோபா விரிப்பையும் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"நான் இருக்கலாமா, இல்ல நானும் வெளிய போகணுமா?"

"அசையாதீங்க. உங்க நிழல் விழுது."

"கல்யாண ஃபோட்டோவுலகூட இப்படி மிரட்டலயே நீ."

மேலதிகாரி பள்ளிக்கு வருகிற நாளில், நல்ல கையெழுத்து உள்ள நோட்டுகளை அடுக்கின் மேலே வைப்போமே, அதுபோலத்தான் இதுவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டேன். கைதட்டல்கள், பூக்கள். கணக்கு மட்டும் வழக்கம்போலக் கிண்டல், குரல் செய்தியில்: "தமிழ், இது உங்க வீடா, பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையா?"

கணக்கு என்பவள் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். பணிக்காலம் முழுக்க எனக்குப் பக்கத்து நாற்காலி. அவளுக்கு நான் தமிழ், எனக்கு அவள் கணக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சேர்ந்த நாளில் ஒட்டிக்கொண்ட 'வாங்க, போங்க' இன்னும் போகவில்லை. கோபம் வந்தால் மட்டும் 'நீ'.

சிரித்துக்கொண்டே பதில் போட்டேன். அதற்குள் மாடி வீட்டுக்காரம்மா நாற்காலிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மார்ச் 11, புதன்

என்ன செய்துவிட்டேன் இன்று?

கணக்கு கூப்பிட்டாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு வருகிற இருபத்து நான்காம் தேதி ஆபரேஷன். முடிந்த பிறகு குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மாடி ஏறி இறங்கக் கூடாது, நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். அவள் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. தனி ஆள். மகன் கடல் கடந்து இருக்கிறான், விடுப்பு கிடைக்கவில்லை.

"தமிழ், ஒரு பத்து நாள் உங்க வீட்டுல ஒதுங்கிக்கட்டுமா? நீங்க கீழ்வீடு. எனக்கு மருந்து விட உங்கள மாதிரி கை நடுங்காத ஆளு வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சிரித்தாள். "சாக்குச் சொல்லாதீங்க. கண்ணக் கட்டிட்டுத்தான் வரப்போறேன். உங்க வீட்ட யாரு பாக்கப்போறா?"

அங்கேதான் நான் திரும்பிக் கூடத்தைப் பார்த்தேன். கட்டு மறுநாளே பிரித்துவிடுவார்களே. அப்புறம் எல்லாம் பளிச்சென்று தெரியுமாமே. இத்தனை வருஷம் மங்கலாகப் பார்த்த உலகத்தில் அவள் முதலில் தெளிவாகப் பார்க்கப்போவது என் சோபாக் கிழிசலையா? அந்த ஈரச் சுவரையா? ஜன்னலோரம் அந்த நாற்காலி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

"அய்யோ, வீட்டுல பெயிண்ட் வேல நடக்குதே" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? யோசிக்கவே இல்லை. பிழையில்லாமல், தயாராக, மனப்பாடச் செய்யுள் மாதிரி வந்தது.

"ஓ. அப்படியா. எப்ப முடியும்?"

"முடிஞ்சதும் சொல்றேன்."

ஃபோனை வைத்த பிறகு இவர் ரேடியோவிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "யாரு வீட்டுல பெயிண்ட் வேல?"

மார்ச் 12, வியாழன்

வேலையைத் தொடங்கிவிட்டால் பொய் பொய்யாக இருக்காது அல்லவா? விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கு வழிமுறையைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு அவர்களை எளிதில் பிடித்துவிடுவாள்.

பெயிண்டரை வரச்சொன்னேன். வந்தார். சுவரைத் தட்டினார். தட்டிய இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. "மொதல்ல இதச் சுரண்டணும்மா. ஒரு நாலஞ்சு நாள்ல முடிச்சிரலாம்." இருபத்து நான்காம் தேதிக்குள் முடிந்துவிடும். வெள்ளை நிறம் என்று சொன்னேன். "என்ன வெள்ளம்மா? வெள்ளையில நெறைய இருக்கு" என்றார். எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் வெள்ளைச் சுவர்க்காரியின் சுவரைக் காட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

கூடத்தில் இருந்தவை எல்லாம் இப்போது படுக்கையறையில். சோபா கட்டிலை முட்டிக்கொண்டு நிற்கிறது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போக முடியும். "மூச்ச உள்ள இழுத்துக்கிட்டுப் போகணும், அந்தப்பக்கம் போய் விடணும்" என்று இவர் எனக்குப் பாடம் நடத்துகிறார். ஃபிரிட்ஜ் மட்டும் கூடத்தின் நடுவில், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி.

மார்ச் 18, புதன்

சுரண்டினார்கள். சுவர் நிற்கவே இல்லை. பூச்சு பாளம் பாளமாக விழுந்து உள்ளே செங்கல் தெரிகிறது. தொட்டால் கை நனைகிறது.

"ஈரத்து மேல பெயிண்ட் அடிச்சா நிக்காதும்மா. காயட்டும். காஞ்சதும் வரேன்."

"எப்பக் காயும்?"

"அது காயும்போது காயும்மா."

ஏணியை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வாளியும் ஒரு பழைய சாக்கும் மட்டும் இங்கே. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

எங்கும் சுண்ணாம்புத் தூசி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எழுந்தால் சோபா இடிக்கிறது, உட்கார்ந்தால் ரேடியோ குத்துகிறது. முன்னால் இருந்த வீட்டுக்கும் போக முடியவில்லை, நினைத்த வீட்டுக்கும் போக முடியவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டேன். வெளியே கிளம்பினால் பெயிண்டர் வந்துவிடுவாரோ என்று பயம். உள்ளே இருந்தால் மூச்சு முட்டுகிறது. அப்போதும் கை என்ன செய்கிறது? கைபேசியை எடுத்து வெள்ளைச் சுவர்க்காரியைத்தான் பார்க்கிறது. இன்று அவள் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று ரசித்தாள். நானும் ரசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

கணக்கிடமிருந்து குரல் செய்தி. அவளுக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. நாம் எழுதி அனுப்புவதைக் கைபேசியே அவளுக்குப் படித்துக் காட்டுகிறது.

"தமிழ், வேல முடிஞ்சுதா? தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிருங்க, நான் வேற ஏற்பாடு பாக்கணும்."

அந்த நேரம் பார்த்து வாளி கவிழ்ந்து தரையெல்லாம் சேறு. ஒரு கையில் துணி. கண்ணாடி முழுக்கத் தூசி. மறு கையால் தட்டி அனுப்பினேன்:

முதல்ல ஒதுக்கணும் உங்கள அப்புறம் கூப்பிடுறேன்

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை குரல் இல்லை. தடவித் தடவி அமுக்கிய ஒரே வார்த்தை. "சரி."

கோபப்படவில்லை, நல்லவேளை. இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

ஆபரேஷன் நாள். காலையிலிருந்து அவள் ஃபோன் அணைந்திருக்கிறது.

பெயிண்டர் இன்று நிச்சயம் வருவேன் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் வீட்டில் இருந்தேன்.

"நீ போகலயா?" என்றார் இவர்.

"அவ கூப்பிடலயே."

"கூப்பிட்டாத்தான் போவியா?"

வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயிண்டர் வரவில்லை.

மார்ச் 25, புதன்

கணக்கின் ஃபோன் இன்று அடிக்கிறது. எடுக்கவில்லை. தூங்குவாளாக இருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினேன். அவளே வந்து கதவைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடி. ஓரத்தில் கன்னம் வீங்கியிருந்தது. யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"ஒதுக்கணும்னு எழுதினவ எதுக்கு வந்த?"

நீ.

எனக்குப் புரியவே இல்லை. "நான் எப்ப எழுதினேன்?" என்றேன். அவள் கைபேசியை எடுத்து, தடவித் தடவி அமுக்கினாள். அந்த உயிரில்லாத குரல் என் செய்தியைப் படித்தது. முதல்ல ஒதுக்கணும் உங்கள. ஒரு மூச்சு விட்டது. அப்புறம் கூப்பிடுறேன்.

"புள்ளி!" என்று கத்திவிட்டேன். "ஒதுக்கணும்ங்கறதுக்கு அப்புறம் ஒரு புள்ளி விட்டுப்போச்சு! வீட்ட ஒதுக்கணும்னு சொன்னேன். வீட்ட!"

"ஒரு புள்ளி விட்டா பிள்ளைங்களுக்கு அர மார்க் கொறைப்ப நீ."

"தூசி... கண்ணாடி... அவசரத்துல..."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட இறங்கிவிட்டது. கணக்குப் போடும்போது வருமே, அந்தக் குரலில் சொன்னாள்:

"சரி. உன் புள்ளியையும் போட்டுக்குவோம். முதல்ல வீட்ட ஒதுக்கணும், புள்ளி. என்னை அப்புறம் கூப்பிடணும், புள்ளி. அப்பவும் விடை என்ன வருது? வீடு முதல்ல. நான் அப்புறம். அதானே?"

அதானே.

ஆபரேஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் துணைக்குப் போய்க் கூட்டிவந்து விட்டிருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறவள். இவள் தனியாகத் தரையில் படுத்துக்கொண்டு, குத்துமதிப்பாகக் கண்ணில் மருந்து விட்டிருக்கிறாள். கன்னத்தில் விழுந்தது எவ்வளவு, கண்ணில் விழுந்தது எவ்வளவு என்று தெரியவில்லை. சொட்டு மருந்து மூடி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. குனிந்து தேடி எடுத்து, அப்படியே மூடி வைத்திருக்கிறாள். நேற்றிலிருந்து வலி. கண்ணாடியைக் கழற்றினாள். கண் செக்கச்செவேல் என்று இருந்தது.

டாக்ஸி கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே கண் டாக்டரின் முகம் மாறிவிட்டது. உள்ளே தொற்று. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், இங்கேயே தங்க வேண்டும். "வலி ஆரம்பிச்ச உடனே வந்திருக்கணும்மா. பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"கூட யாரும் இல்லயா?" என்று நர்ஸ் கேட்டார்.

நான் பக்கத்திலேதான் நின்றேன்.

மார்ச் 28, சனி

வார்டில் அவள் பக்கத்தில் இருந்தேன். பெயிண்ட் வேலை நடக்கவில்லை, சும்மா சொன்னேன், பிறகுதான் தொடங்கினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பற்றி, சோபாவைப் பற்றி, மாடி வீட்டு நாற்காலியைப் பற்றி.

"அந்த நாற்காலி இரவலா?"

"ஆமா."

போர்வை விளிம்பைத் தடவி மடித்தாள். பிறகு: "அந்தப் படத்த என் மகன்கிட்ட அனுப்பி, என்ன இருக்குன்னு சொல்லுடான்னு கேட்டேன். வெள்ளை நாற்காலி, வெள்ளைத் தொட்டின்னு சொன்னான். உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் யோசிச்சேன். மருந்து சிந்தி அதுல கற பட்டுருமேன்னு."

எனக்கு மேல் ஒருத்தி இருக்கிறாள் என்று நான் குறுகிக் கிடந்தேன். இவள் என்னை அண்ணாந்து பார்த்துக் குறுகியிருக்கிறாள். மேலே இருப்பதாக நினைத்த நான் நின்றது ஒரு இரவல் நாற்காலியில்.

'உங்ககிட்ட' என்றாள். 'நீ' போய்விட்டது. அது நல்லதா, தள்ளி நிறுத்துவதா — தெரியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

ஊசி இன்னொன்று போட்டார்கள். வலி குறைந்திருக்கிறது. வெளிச்சம் தெரிகிறதாம், கை அசைவது தெரிகிறதாம்.

வெள்ளைச் சுவர்க்காரியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. வார்டு நடைபாதையில் காத்திருந்தபோது பார்த்தேன். இப்போதும் அந்த வீடு அழகாகத்தான் இருக்கிறது. இப்போதும் எனக்கு அது வேண்டும் என்று இருக்கிறது. எதற்காகப் பொய் எழுத வேண்டும், இங்கேயும்?

ஏப்ரல் 4, சனி

டாக்டர் அனுப்பிவிட்டார், மாடிப்படி கூடாது என்ற கண்டிப்போடு. கணக்கு நர்ஸிடம் முதியோர் காப்பகம் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பை போன பிறகு அவளுக்கு வேறு வழியில்லை. திட்டிக்கொண்டே ஏறினாள்.

இவர் கூடத்தைக் கழுவித் துடைத்து, செங்கல் சுவரை விட்டுத் தள்ளி ஒரு கட்டில் போட்டிருந்தார். எங்கள் கட்டில். நாங்கள் சோபாவிலும் தரையிலும் படுத்துக்கொள்கிறோம். மற்றபடி வீடு அப்படியேதான், அதைவிட மோசம். படுக்கையறையில் வழிந்தது கூடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று, மங்கலான இடது கண்ணால் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன தமிழ், வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்னீங்க, இது கிடங்கால்ல இருக்கு?"

"உதவும், இருக்கட்டும்" என்றார் இவர்.

கட்டிலிலிருந்து குளியலறைக்கு எப்படிப் போவாள் என்று கவலைப்பட்டேன். அலமாரியைத் தொட்டாள், அங்கிருந்து நாற்காலி அடுக்கு, அங்கிருந்து ஃபிரிட்ஜ், அப்புறம் கதவு நிலை. ஒரு தடவைதான் கூட நடந்தேன். அடுத்த தடவை தானே போய்விட்டாள். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

சண்டை. மருந்துக்கு முன் நான் கை கழுவவில்லை என்கிறாள். கழுவினேன். "சத்தம் கேக்கல" என்கிறாள். மறுபடி போய்க் குழாயைப் பலமாகத் திறந்து கழுவினேன். ஆறு மடங்கு சத்தம். "இப்ப மார்க் போடலாம்" என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று பரிசோதனை. எழுத்துப் பலகை முன்னால் உட்கார்த்தி, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் படிக்கச் சொன்னார்கள். மேல் வரிசைகளைப் படித்தாள். கீழே வரவர நின்றுவிட்டாள். கண்ணைச் சுருக்கினாள். "அதெல்லாம் ஒரே அழுக்கு மாதிரி இருக்கு டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். இந்தக் கண் இவ்வளவுதானாம். இதற்கு மேல் திரும்பாதாம். நல்லபடியாக நடந்திருந்தால் கடைசி வரிசை வரை படித்திருப்பாள். அவர் அதைச் சொல்லவில்லை. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடைசி வரிசையைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லா எழுத்தும் தெரிந்தது.

இடது கண்ணுக்கு எப்போது ஆபரேஷன் என்று டாக்டர் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். டாக்ஸியில் என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பரவால்ல" என்று சொல்லியிருப்பாள், அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. "அடுத்த கண்ணுக்கும் இங்கேயே இருங்க" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும், "அந்த ஃபிரிட்ஜ மட்டும் எடம் மாத்திராதீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தவுடன் பெயிண்டர் கூப்பிட்டார். சுவர் காய்ந்திருக்கும், நாளைக்கே வந்து வெள்ளையடித்துவிடுகிறேன் என்றார்.

"இப்ப வேண்டாம்ப்பா" என்றேன். "வீட்டுல ஆள் இருக்காங்க."

செங்கல் தெரிகிற சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அது பார்க்க நன்றாக இல்லை. கணக்கு குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

இது எனக்கும், என்றாவது இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற யாருக்கும். அடுத்த தடவை ஒருவர் "வரட்டுமா?" என்று கேட்டால், வீட்டைத் திரும்பிப் பார்க்காதே. "வாங்க" என்று முதலில் சொல்லிப் பார்.